கேஸ் ஷீட் அட்டையிலிருந்து கணினிக்கு: பெரம்பூர் கிளினிக் ஒன்றின் மாற்றப் பதிவு

பெரம்பூரில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக நடந்துவரும் ஒரு பொது மருத்துவ கிளினிக்கைக் காகித அட்டைகளிலிருந்து மின்னணு மருத்துவப் பதிவேட்டுக்கு மாற்றியபோது செய்த வேலைகளையும், அவற்றுள் எவை நிலைத்தன, எவை கழித்துக்கட்டப்பட்டன என்பதையும் இங்கே எழுதிவைக்கிறேன். அப்பாவும் மகளுமாக இரண்டு மருத்துவர்கள், ஒரு செவிலியர், வரவேற்பு மேசையில் நெடுங்காலமாக இருக்கும் ஓர் உதவியாளர், இரத்த மாதிரி எடுக்க ஒரு சிறிய அறை, கீழ்த்தளத்தில் மருந்துக் கடை, இவ்வளவுதான் கிளினிக். காலையில் கூட்டம் குறைவாக இருக்கும். மாலை ஆறு மணிக்கு மேல் படிக்கட்டு வரை ஆட்கள் நிற்பார்கள். அவர்களில் பெரும்பாலோர் சர்க்கரை, பிரஷர், தைராய்டு என்று மாதா மாதம் வருபவர்கள். ஆகவே ஒருவருக்குப் போன முறை என்ன எழுதிக் கொடுத்தோம் என்பதுதான் இங்கே அதிகம் தேவைப்படும் தகவல்.

அந்தத் தகவல் அதுவரை மஞ்சள் நிற அட்டைகளில் இருந்தது. அட்டையின் எண்ணை ஒரு சின்னச் சீட்டில் எழுதி நோயாளியிடம் கொடுத்திருப்பார்கள். சீட்டைக் கொண்டுவராதவரின் அட்டையைத் தேடி எடுக்க வரவேற்பு மேசை அக்காவின் நினைவாற்றலைத் தவிர வேறு வழியில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் வடசென்னை முழுக்கத் தண்ணீர் தேங்கியபோது, மருந்துக் கடைக்குப் பின்னால் உள்ள அலமாரி அறைக்குள்ளும் அது புகுந்து, கீழ் அடுக்குகளில் இருந்த அட்டைகளைப் பிரித்தெடுக்க முடியாத கட்டிகளாக்கிவிட்டது. மாற்றம் வேண்டும் என்ற முடிவை மூத்த மருத்துவர் எடுத்தது அதற்குப் பிறகுதான்.

அதற்கு முன்பும் ஒரு நிறுவனம் மென்பொருள் ஒன்றை நிறுவிக் கொடுத்திருந்தது. சில வாரங்களிலேயே அது பில் போடும் கருவியாகச் சுருங்கிவிட்டது. காரணத்தை விசாரித்தபோது விளங்கியது இதுதான்: முதல் நாளே கணினித் திரையை மருத்துவரின் முன்னால் வைத்து, ஒவ்வொரு நோயாளிக்கும் முழுப் படிவத்தையும் நிரப்பச் சொல்லியிருக்கிறார்கள். மாலைக் கூட்டத்தில் ஒருவருக்கு மூன்று நான்கு நிமிடங்களே ஒதுக்க முடிகிற மருத்துவரிடம் போய் அப்படிக் கேட்டால், எவ்வளவு நல்ல மென்பொருளும் தோற்றுத்தான் போகும். எந்த மேசையில் தொடங்குவது, எந்த மேசையைக் கடைசிக்கு விடுவது என்பதை முடிவு செய்வதே இத்தகைய வேலையில் பாதி என்று நான் கருதுகிறேன். நாங்கள் வரவேற்பு மேசையில் தொடங்கிச் செவிலியரிடம் போய், அச்சிட்ட தாள் வழியாக மருத்துவரின் அறைக்குள் நுழைந்து, கடைசியாகத்தான் அவர் முன்னால் திரையை வைத்தோம். அமெரிக்காவில் 2009-ஆம் ஆண்டின் ஹைடெக் சட்டத்தின்கீழ், மின்னணுப் பதிவேட்டுக்கு ஊக்கத்தொகை கொடுத்ததோடு நிற்காமல், சிறிய கிளினிக்குகளுக்கு உடனிருந்து உதவவென்றே 62 வட்டார மையங்களுக்கு அரசு நிதி அளித்தது. நம் ஊரில் அந்த வேலையை மருத்துவருக்குத் தெரிந்த கணினிக்காரர் யாராவது செய்கிறார். இங்கே அது என் தலையில் விழுந்தது.

மென்பொருள் தேர்வைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இலவசமாகப் பெற்று நாமே மாற்றிக்கொள்ளக்கூடிய கட்டற்ற மென்பொருள்களில் பாம்னி, ஓப்பன் இ.எம்.ஆர் ஆகிய இரண்டையும் பார்த்தோம். பாம்னி நம் நாட்டிலேயே, சத்தீஸ்கரின் கனியாரியில் உள்ள ஒரு கிராமப்புற மருத்துவமனையின் தேவைகளை ஒட்டி வளர்ந்தது, நல்ல மென்பொருள். ஆனால் ஆய்வகம், கணக்கு, உள்நோயாளிப் பிரிவு எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டிய அதன் உடல் இரண்டு மருத்துவர்கள் உள்ள கிளினிக்குக்குப் பெரியது. ஓப்பன் இ.எம்.ஆர் ஒரு சிறிய கணினியிலேயே ஓடும். படிவங்களை நாமே வடிவமைத்துக்கொள்ளும் வசதி அதற்குள்ளேயே இருக்கிறது. அமெரிக்கக் காப்பீட்டு முறைக்காக அதில் நிறைந்திருக்கும் பகுதிகளை மறைப்பதே முதல் வேலையாக இருந்தது. இணையம் நின்றாலும் ஓ.பி. நிற்கக் கூடாது என்பது மருத்துவரின் ஒரே நிபந்தனை என்பதால், சர்வரைக் கிளினிக்கிலேயே வைத்து உள் வலையமைப்பில் இயக்கினோம். ரிச்சி தெருவில் வாங்கிய ஒரு சிறிய கணினி, ஒரு ரவுட்டர், இரண்டுக்கும் சேர்த்து ஒரு யு.பி.எஸ். என்று வன்பொருள் செலவு அடங்கிவிட்டது. ரவுட்டரை யு.பி.எஸ்-இல் மாட்ட மறந்துவிடுபவர்கள் பலர். மின்சாரம் போனதும் சர்வர் உயிரோடு இருக்கும், ஆனால் யாராலும் அதை எட்ட முடியாது.

வேலையின் கடினமான பகுதி வரவேற்பு மேசையில் இருந்தது. வந்து நிற்பவர் யார் என்று சரியாகக் கண்டுகொள்ளாவிட்டால், அதற்குப் பிறகு பதிவாகும் எல்லாமே வேறொருவருடைய பதிவில் போய்ச் சேரும். வெளிநாட்டு மென்பொருள் முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு கட்டங்களைக் கட்டாயமாகக் கேட்கிறது. நம்மவர்களுக்கோ ஒரு பெயரும் ஓர் இனிஷியலும்தான். அந்த இனிஷியலும் திருமணத்துக்குப் பிறகு சிலருக்கு மாறிவிடும், ஆதார் அட்டையில் பெயருக்குப் பின்னால் போய் உட்கார்ந்திருக்கும், வங்கிப் புத்தகத்தில் முன்னால் இருக்கும். லட்சுமி என்ற பெயரை ஆங்கிலத்தில் நான்கைந்து விதமாக எழுதுவார்கள். பிறந்த தேதி கேட்டால், வயதானவர்களில் பலர் ஆதாரில் உள்ள ஜனவரி முதல் தேதியைச் சொல்வார்கள். கைப்பேசி எண்ணை வைத்துப் பிரித்துவிடலாம் என்று பார்த்தால், மகன் எண்ணையே வீட்டில் எல்லோரும் கொடுத்திருப்பார்கள். "சார், இந்தம்மா நம்பரைப் போட்டா ஆறு பேரு வர்றாங்க" என்று அக்கா முதல் வாரத்திலேயே சொன்னார்.

அவரோடு உட்கார்ந்து பதிவுப் படிவத்தைத் திருத்தி அமைத்தோம். அட்டை இல்லாமல் ஆளைக் கண்டுபிடிக்க இத்தனை ஆண்டுகளாக அவர் எவற்றைக் கேட்டு வந்தாரோ, அவையே கட்டங்களாயின: பெயர் தமிழிலும் ஆங்கிலத்திலும், இனிஷியல் தனியாக, அப்பா அல்லது கணவர் பெயர், பிறந்த ஆண்டு, தெரு, கைப்பேசி எண், அந்த எண் யாருடையது, பழைய அட்டை எண். சாதி, மதம், தொழில், திருமண நிலை போன்ற கட்டங்களை எடுத்துவிட்டோம். சிகிச்சைக்குப் பயன்படாத எதையும் கேட்பதில்லை என்று மருத்துவர் உறுதியாக இருந்தார். குடும்பப்பெயர்க் கட்டத்தில் இனிஷியலை இட்டு மென்பொருளைச் சமாதானப்படுத்தினோம். கைப்பேசி எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களைத் தட்டினால், அந்த எண்ணில் உள்ள எல்லோரும் பெயர், வயது, கணவர் அல்லது தந்தை பெயர், தெரு ஆகியவற்றோடு ஒரே பட்டியலில் வந்து நிற்க வேண்டும். ஒரே ஒருவர்தான் கிடைத்தார் என்றாலும் பதிவு தானாகத் திறக்கக் கூடாது. கைப்பேசி எண் இல்லாதவருக்கு ஒன்பதுகளாக நிரப்பிவைக்கும் பழக்கத்தைத் தடுக்க, எண் இல்லை என்று குறிக்கவே தனியாக ஒரு பெட்டி வைத்தோம்.

கேள்வி கேட்கும் முறையையும் மாற்ற வேண்டியிருந்தது. "நீங்க லட்சுமி தானே?" என்று கேட்டால், காது சரியாகக் கேட்காத பாட்டி தலையாட்டிவிடுவார், அவர் விஜயலட்சுமியாக இருக்கலாம். "உங்க பேரு என்னம்மா, எந்தத் தெரு?" என்று கேட்டு, அவர் வாயால் சொல்வதைத் திரையில் உள்ளதோடு ஒப்பிடுவதே பாதுகாப்பானது. மருத்துவமனைகளின் பாதுகாப்பு நெறிகளில் அடிப்படையான இந்த விதி சிறிய கிளினிக்குகளில் பெரும்பாலும் கடைப்பிடிக்கப்படுவதில்லை. இவ்வளவு செய்தும் ஒருவருக்கே இரண்டு பதிவுகள் உருவாகத்தான் செய்யும். இரட்டைப் பதிவுகளை மதிப்பெண் இட்டுக் காட்டும் கருவி ஓப்பன் இ.எம்.ஆரில் இருக்கிறது. ஆனால் இரண்டை ஒன்றாக இணைப்பதற்கு முன் பேக்கப் எடுத்துக்கொள்ளும்படி மென்பொருளே எச்சரிப்பதால், அந்த உரிமையை இளைய மருத்துவருக்கு மட்டும் கொடுத்தோம். அவர் பழைய அட்டையையும் பார்த்து உறுதி செய்துகொண்டே இணைக்கிறார்.

செவிலியரின் மேசையில் ஒரு வேடிக்கையான சிக்கல் வந்தது. எடை, உயரம், வெப்பநிலை ஆகியவற்றுக்கான அலகுகளை மென்பொருளில் ஒரே அமைப்பில்தான் தேர்ந்தெடுக்க முடியும்: அமெரிக்க முறை, மெட்ரிக் முறை, அல்லது இரண்டும். சென்னையில் எடையைக் கிலோவிலும், உயரத்தைச் சென்டிமீட்டரிலும், காய்ச்சலை மட்டும் பாரன்ஹீட்டிலும் பார்க்கிறோம். மெட்ரிக் என்று வைத்தால் 101 டிகிரி காய்ச்சலைச் செல்சியஸ் கட்டத்தில் இடுவார்கள். இரண்டையும் காட்டினால் எடையைப் பவுண்டு கட்டத்தில் இட்டுவிடும் ஆபத்து உண்டு. ஆகவே அந்தப் படிவத்தை அப்படியே விட்டுவிட்டு, நம் வழக்கத்துக்கு ஏற்ற அலகுகளோடு ஒரு தனிப் படிவத்தை வடிவமைத்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் மேல்வரம்பும் கீழ்வரம்பும் வைத்தோம். வெறும் வயிற்றில் எடுத்த சர்க்கரை, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து எடுத்தது, நேரம் பார்க்காமல் எடுத்தது ஆகிய மூன்றுக்கும் தனித்தனிக் கட்டங்கள் கொடுத்தோம். மூன்றையும் ஒரே கட்டத்தில் இட்டால் பின்னால் வரையும் வரைபடத்துக்குப் பொருளே இருக்காது.

மருத்துவரின் அறைக்குள் கணினி நுழைந்ததோ ஒரு தாளின் வடிவில். நோயாளி உள்ளே போகும்போதே அரைத் தாள் ஒன்று அச்சாகி அவரோடு போகும். மேல் பகுதியில் பெயர், வயது, அன்றைய பிரஷர், எடை, சர்க்கரை அளவு, ஒவ்வாமை ஏதேனும் இருந்தால் அது கறுப்புப் பட்டைக்குள் வெள்ளை எழுத்தில், அதன் கீழே போன முறை கொடுத்த மருந்துகள் வரிசையாக. மருத்துவர் தொடர வேண்டியவற்றுக்கு டிக் இட்டு, நிறுத்த வேண்டியவற்றை அடித்து, புதியதைக் கையால் எழுதுவார். வெளியே வந்ததும் செவிலியர் அதைப் பார்த்துக் கணினியில் ஏற்றி, நோயாளிக்கான மருந்துச் சீட்டை அச்சிட்டு, மருத்துவரின் கையெழுத்துக்கு அனுப்புவார். கணினிக்கு மாறிய பிறகு முதல் முறை வருபவரின் தாளில் போன முறை மருந்துகள் இருக்கும் பகுதி காலியாக இருக்கும். பழைய அட்டையைப் பார்த்து மருத்துவர் அதைக் கையால் நிரப்புவார்.

இந்த ஏற்பாடு மெதுவானது. செவிலியருக்கு இரட்டை வேலை. இருந்தும் இதை வேண்டுமென்றே நீட்டித்தோம். ஒருவருடைய அடுத்த வருகையில் அவரது மருந்துப் பட்டியல் தானாக வந்து நிற்பதைப் பார்த்த பிறகுதான் மூத்த மருத்துவருக்கு இந்த வேலையில் ஒரு பிடிப்பு ஏற்பட்டது. "தம்பி, இந்தப் பேப்பர்ல போடுற டிக்கை நேரா ஸ்கிரீன்லயே போட்டுட்டா சிஸ்டருக்கு வேலை மிச்சம் இல்லையா?" என்று ஒரு நாள் மாலை அவரே கேட்டார். அதன் பிறகுதான் அவர் மேசையில் தொடுதிரை ஒன்றை, நோயாளிக்கும் அவருக்கும் நடுவில் வராதபடி, பக்கவாட்டில் பொருத்தினோம். இளைய மருத்துவருக்கு இந்தப் படிகள் எதுவும் தேவைப்படவில்லை. அவர் தொடக்கத்திலிருந்தே விசைப்பலகையில் வேகமாகத் தட்டினார். ஒரே கிளினிக்கில் இரண்டு வேகங்களும் பக்கத்து அறைகளில் நடப்பதை மென்பொருள் தாங்க வேண்டும் என்பதை விற்க வருபவர்கள் கணக்கில் எடுப்பதே இல்லை.

மருத்துவரின் திரையில் இருப்பது மிகக் குறைவு. நோய்களுக்கு அவர்கள் இருவரும் அன்றாடம் பயன்படுத்தும் பெயர்களைக் கேட்டு வாங்கி ஒரு சிறு பட்டியல் அமைத்து, ஒவ்வொன்றின் பின்னாலும் உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி.-10 நோய்க் குறியீட்டை மறைவாக இணைத்தோம். இரண்டாம் வகை நீரிழிவு இ-11, உயர் இரத்த அழுத்தம் ஐ-10 என்பவை அவர்கள் கண்ணுக்குத் தெரியவேண்டியதில்லை. ஸ்னோமெட் சி.டி. என்னும் விரிவான மருத்துவச் சொல் தொகுதியை, 2014-இல் இந்தியா அதன் உறுப்பு நாடானதால், நம் நாட்டில் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். மத்திய அரசு 2016-இல் வெளியிட்ட மின்னணுப் பதிவேட்டுத் தரநிலைகளும் அதையே பரிந்துரைக்கின்றன. ஆனால் மூன்று நிமிட ஓ.பி.யில் அதன் லட்சக்கணக்கான சொற்களுக்குள் தேட யாருக்கும் நேரமில்லை என்பதால், சிறு பட்டியலில் உள்ள நோய்களுக்கு மட்டும் அதன் எண்களையும் சேர்த்துவைத்தேன்.

மருந்துப் பட்டியலும் அப்படித்தான். மருத்துவர்கள் வணிகப் பெயரில் யோசிக்கிறார்கள். மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு ஒழுங்குமுறையில் 2016-இல் வந்த திருத்தமோ, மூலப்பெயரை, அதாவது மருந்தின் ஜெனரிக் பெயரை, தெளிவாகவும் இயன்றவரை பெரிய எழுத்திலும் எழுதச் சொல்கிறது. ஆகவே வணிகப் பெயரைத் தட்டித் தேடலாம், அச்சில் மூலப்பெயர் பெரிய ஆங்கில எழுத்தில் மேலேயும் வணிகப் பெயர் சிறிதாகக் கீழேயும் வரும். மூன்று எழுத்துகள் தட்டியதும் பட்டியல் விரியும் வசதியில் ஒரு பொறி இருக்கிறது: பிரஷருக்கான ஹைட்ராலசினும் அரிப்புக்கான ஹைட்ராக்சிசினும் ஆங்கிலத்தில் முதல் மூன்று எழுத்துகளில் ஒன்றே. இந்த இரண்டும் மாறிப்போவது உலகெங்கும் அறியப்பட்ட பிழை. இத்தகைய இணைகளுக்குப் பெயரின் பக்கத்திலேயே எந்த நோய்க்கு என்பதைச் சிவப்பில் காட்டுகிறோம்.

எச்சரிக்கைகளைப் பொறுத்தவரை, மென்பொருளில் கிடைப்பதையெல்லாம் இயக்கிவிட்டால் ஒவ்வொரு சீட்டுக்கும் மூன்று பெட்டிகள் எழும்பும்; ஒரு வாரத்தில் எல்லோரும் படிக்காமலே மூடக் கற்றுக்கொள்வார்கள். இருவரும் பேசி மூன்றை மட்டும் வைத்துக்கொண்டார்கள்: பதிவான ஒவ்வாமை, கர்ப்பம், சிறுநீரகச் செயல்திறன். கடைசியதில், சிறுநீரகம் வடிகட்டும் திறனைக் காட்டும் இ.ஜி.எஃப்.ஆர். அளவு 30-க்குக் கீழே இருப்பவருக்குச் சர்க்கரை மருந்தான மெட்பார்மினை எழுதினால் திரை தடுத்துக் காரணம் கேட்கும். 45-க்குக் கீழே என்றால் நினைவூட்டல் மட்டும். போன முறை மருந்துகளை அப்படியே தொடரும் பொத்தானுக்கும் ஒரு கட்டுப்பாடு வைத்தோம். அதை அழுத்தினால் மருந்துகளும் அளவுகளும் வரும், ஆனால் எத்தனை நாளுக்கு என்பது காலியாகவே இருக்கும். அதை ஒவ்வொன்றுக்கும் நிரப்பும்போதாவது மருத்துவரின் கண் அந்த வரியில் ஒரு கணம் நிற்கும். வேறு மருத்துவமனையில் நிறுத்தச் சொன்ன மருந்து இங்கே மாதக்கணக்கில் தொடர்ந்துவிடுவது இந்தப் பொத்தானால் வரக்கூடிய பெரிய தீங்கு.

நோயாளியின் கைக்குப் போகும் சீட்டில் செலவழித்த உழைப்பு வீண்போகவில்லை. விலை குறைவு என்று வெப்ப அச்சுப்பொறியில் அடிக்க முதலில் யோசனை வந்தது. ஆனால் சென்னை வெயிலில் அந்தத் தாள் சில மாதங்களில் வெளிறிவிடும். பத்திரப்படுத்துகிறேன் என்று லேமினேஷன் கடைக்குக் கொண்டுபோனால் சூட்டில் முழுவதும் கறுத்துவிடும். எனவே டோக்கனுக்கு மட்டும் வெப்ப அச்சு, மருந்துச் சீட்டுக்கு அரைத் தாளில் லேசர் அச்சு. டோக்கனிலும் தமிழ் உடனே வரவில்லை. அத்தகைய பொறிகளின் உள் எழுத்துருத் தொகுதியில் தமிழ் இல்லாததால், எழுத்தாக அனுப்பினால் கேள்விக்குறிகளே அச்சாயின. சொற்களைப் படமாக மாற்றி அனுப்பிய பிறகுதான் "கொ", "போ" போன்ற எழுத்துகள் கொம்பும் காலும் இடம் மாறாமல் வந்தன.

மருந்துச் சீட்டில் காலை, மதியம், இரவு என்று மூன்று நிரல்கள், அதற்கடுத்து உணவுக்கு முன்னா பின்னா, எத்தனை நாள். அரை மாத்திரையை எண்ணில் அச்சிட்டால் ஒன்று என்றும் இரண்டு என்றும் படிப்பவர்கள் இருப்பதால், "அரை" என்று எழுத்தாலேயே வருகிறது. வாரம் ஒரு முறை சாப்பிட வேண்டிய மருந்துகளைத் தினமும் சாப்பிட்டுவிடுவது ஆபத்தான குழப்பம். மூட்டுவாதத்துக்குக் கொடுக்கும் மெத்தோட்ரெக்சேட் போன்றவற்றில் அது உயிருக்கே உலை வைக்கும். ஆகவே அத்தகைய மருந்துக்கு மூன்று நிரல்களையும் அழித்துவிட்டு, "வாரத்தில் ஒரு நாள் மட்டும்: ஞாயிற்றுக்கிழமை" என்று கிழமையோடு ஒரே வரியாக அச்சிடுகிறோம். கிழமையை நோயாளியிடம் கேட்டுவிட்டுத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். கீழ்த்தள மருந்துக் கடைக்காரர்தான் இந்த மாற்றத்தால் அதிகம் மகிழ்ந்தவர். கையெழுத்து புரியாமல் மாடி ஏறி வருவது நின்றுவிட்டது என்றார்.

பழைய அட்டைகளை என்ன செய்வது என்று எல்லோரும் கேட்பார்கள். ஆள் வைத்து எல்லாவற்றையும் ஸ்கேன் செய்யலாம் என்று விலைப்பட்டியலோடு வந்தவர்கள் உண்டு. நாங்கள் அதைச் செய்யவில்லை, இன்னொரு கிளினிக்குக்கும் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். நோயாளி அடுத்த முறை வரும்போது, அட்டையிலிருந்து நாள்பட்ட நோய்கள், ஒவ்வாமை, அறுவைச் சிகிச்சைகள், இப்போதைய மருந்துகள், கடைசியாகச் செய்த முக்கியப் பரிசோதனைகள் ஆகியவற்றை மட்டும் இளைய மருத்துவர் ஒரு பக்கமாகச் சுருக்கி ஏற்றுகிறார். அட்டையின் கடைசிப் பக்கத்தை மட்டும் கைப்பேசியில் படமெடுத்துச் சேர்க்கிறோம். மாதா மாதம் வருபவர்களின் அட்டைகள் இப்படி விரைவிலேயே ஏறிவிட்டன. வராதவர்களின் அட்டைக்குக் காசு செலவழிக்கத் தேவையே எழவில்லை. உள்நோயாளிகளின் பதிவேடுகளைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்றும், பதிவேட்டைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்றும் 2002 ஒழுங்குமுறை சொல்கிறது. இது வெளிநோயாளி கிளினிக்தான் என்றாலும், வழக்கு வந்தால் பதிவேடுதான் பேசும் என்பதால் அட்டைகளை மருத்துவர் தூக்கிப் போடவில்லை. மாடிக்கு மட்டும் மாற்றியிருக்கிறார்.

இடையில் வந்த ஒரு பழுதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஒரு நாள் காலை, அன்று பார்த்த நோயாளிகளின் வருகைகள் எதுவும் பட்டியலில் இல்லை என்று அக்கா அழைத்தார். தரவுத்தளத்தைத் திறந்து பார்த்தால் எல்லாம் இருந்தன. இரவு நீண்ட மின்வெட்டுக்குப் பிறகு இயங்கிய சர்வர் அன்றைய காலை வருகைகளைப் பல ஆண்டுகளுக்கு முந்தைய தேதியில் பதிவு செய்திருந்தது, புதிய வருகைகள் மேலே என்ற வரிசையும் அதனால் குலைந்திருந்தது. யு.பி.எஸ். வடிந்து, கணினி முழுவதும் அணைந்தபோது கடிகாரம் ஆதித் தேதிக்குத் திரும்பியிருக்கிறது. தாய்ப்பலகையில் நேரத்தைக் காத்துவைக்கும் காசு வடிவப் பேட்டரி தீர்ந்துபோயிருந்ததுதான் காரணம். இணையம் இருந்திருந்தால் நேரம் தானாகச் சரியாகியிருக்கும், அன்று காலை அதுவும் இல்லை. பெட்டிக்கடையில்கூடக் கிடைக்கும் அந்தப் பேட்டரியை மாற்றினேன். அதோடு, சர்வர் எழும்பும்போது தரவுத்தளத்தில் உள்ள கடைசிப் பதிவின் தேதியைவிடக் கணினியின் தேதி பின்தங்கியிருந்தால் மென்பொருளைத் திறக்கவிடாமல் தடுக்கும் சிறு நிரல் ஒன்றையும் சேர்த்தேன். பாதிக்கப்பட்ட பதிவுகளின் தேதியைத் தரவுத்தளத்தில் நேரடியாகத் திருத்தும் ஆசை வந்தாலும் அப்படிச் செய்யவில்லை. டோக்கன் புத்தகத்தோடு ஒப்பிட்டு, ஒவ்வொன்றிலும் திருத்தக் குறிப்பாக மருத்துவரே சேர்த்தார். பிறகு கேள்வி எழுந்தால், மாற்றியது யார், எப்போது என்பது தணிக்கைப் பதிவில் தெரிய வேண்டும்.

தணிக்கைப் பதிவுக்குப் பொருள் இருக்க வேண்டுமானால் ஆளுக்கொரு கடவுச்சொல் இருந்தாக வேண்டும். எல்லோரும் மருத்துவரின் பெயரிலேயே நுழைவது சிறிய கிளினிக்குகளின் நிரந்தர வழக்கம். நீண்ட கடவுச்சொல்லைத் தோற்கடிப்பதற்கென்றே மானிட்டரின் ஓரத்தில் ஒட்டிய மஞ்சள் சீட்டுகள் பிறந்தன போலும். நுழைவதை எளிதாக்கினால்தான் பகிர்வது நிற்கும் என்பதால், மேசைக் கணினிகளுக்குக் கைரேகைப் படிப்பான் வாங்கிக் கொடுத்தோம். வரவேற்பு மேசையில் நோயின் பெயரோ மருந்தோ தெரியாது. அங்கே பதிவும் டோக்கனும் மட்டும். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைச் சொல்லி மருத்துவரைப் பயமுறுத்தத் தேவையிருக்கவில்லை. ஒரே தெருவில் குடியிருப்பவர்கள் வரிசையில் நிற்கும் இடத்தில் திரை யார் பக்கம் திரும்பியிருக்கிறது என்பது அவருக்கே தெரியும்.

பேக்கப்பில் ஓப்பன் இ.எம்.ஆருக்கே உரிய ஒரு நுணுக்கம் உண்டு. தரவுத்தளத்தை மட்டும் இரவுதோறும் நகலெடுத்தால் போதாது. ஸ்கேன் செய்த ஆவணங்கள் தனி அடைவில் (ஃபோல்டரில்) மறையாக்கம் செய்யப்பட்டு இருக்கின்றன. அவற்றைத் திறக்கும் சாவிகளில் ஒரு பகுதி தரவுத்தளத்திலும் இன்னொரு பகுதி அந்த அடைவிலும் இருக்கிறது. ஒன்றை மட்டும் மீட்டால் மற்றதைப் படிக்க முடியாது. இரண்டையும் ஒரே நேரத்தில் நகலெடுத்து, மறையாக்கி, மாறி மாறி இரண்டு வெளி வட்டுகளில் ஏற்றுகிறோம். அவற்றுள் ஒன்று எப்போதும் இளைய மருத்துவரின் வீட்டில் இருக்கும், அது மூன்றாவது மாடி. மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை ஒரு பழைய மடிக்கணினியில் அந்த நகலை மீட்டு, ஏதேனும் ஒரு நோயாளியின் கடைசி வருகையும் ஒரு ஸ்கேன் படமும் திறக்கின்றனவா என்று பார்க்கிறோம்.

ஆபா எண்ணைப் பற்றி நோயாளிகளே கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். 2021 செப்டம்பர் 27-இல் நாடு முழுவதற்கும் தொடங்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டத்தின் இந்த 14 இலக்க எண்ணைப் பலர் காப்பீட்டு அட்டை என்று நினைத்துக்கொண்டு, முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டையையும் சேர்த்து நீட்டுகிறார்கள். இது பதிவேடுகளை, நோயாளியின் சம்மதத்தோடு, ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு அனுப்ப உதவும் எண் மட்டுமே, பணம் எதுவும் வராது என்று அக்கா எல்லோரிடமும் சொல்லவேண்டியிருக்கிறது. விருப்பமுள்ளவரின் எண்ணைப் பதிவில் குறித்துக்கொள்கிறோம். ஆனால் நாங்களே அமைத்துக்கொண்ட மென்பொருளை அந்த வலையமைப்போடு இணைக்க, சோதனைத் தளத்தில் மூன்று படிநிலைகளையும் பாதுகாப்புத் தணிக்கையையும் கடக்க வேண்டும். ஒரு கிளினிக்குக்காக அந்தச் செலவு கட்டுப்படியாகாது. ஆபா இணைப்பே முதல் தேவை என்று கருதும் கிளினிக், ஏற்கெனவே இணைக்கப்பட்ட மென்பொருளைத் தேர்ந்தெடுப்பதுதான் சரி.

இன்னும் தீராத சிக்கல் ஆய்வக அறிக்கைகள். வெளி ஆய்வகத்திலிருந்து வாட்ஸ்அப்பில் வரும் கோப்பில் இனிஷியல் இல்லாத ஒரு பெயரும் தோராயமான ஒரு வயதும் மட்டுமே இருக்கும். அது எந்த லட்சுமி என்று கண்டுபிடிக்க மறுபடியும் அக்காவிடம்தான் போக வேண்டும். இப்போதைக்கு, மாதிரி எடுக்கும்போதே எங்கள் பதிவு எண்ணைக் குழாயின் ஒட்டுச்சீட்டில் அச்சிட்டு அனுப்புகிறோம். அந்த எண்ணை அறிக்கையில் பெயருக்குப் பக்கத்தில் இட ஆய்வகம் ஒப்புக்கொண்டிருக்கிறது. ஆனால் மாலைப் பணியில் இருப்பவர்கள் இடுகிறார்கள், காலைப் பணியில் இருப்பவர்கள் இடுவதில்லை. எண் இல்லாமல் வரும் அறிக்கையை யாருடைய பதிவிலும் சேர்க்காமல் திருப்பி அனுப்புவது என்று சென்ற மாதத்திலிருந்து முடிவு செய்திருக்கிறோம். எண்ணோடு வருபவற்றில் எச்.பி.ஏ.1.சி. (மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி), கிரியாட்டினின் (சிறுநீரகம்), டி.எஸ்.எச். (தைராய்டு), கொழுப்பு அளவுகள் ஆகியவற்றை மட்டும் செவிலியர் கட்டங்களில் ஏற்றுகிறார். மற்றவை கோப்பாகவே பதிவில் கிடக்கின்றன.